விளையாட்டும் மதிப்பெண்ணும்



இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், அவர் என்ன பேசுவார் என்பதை நீங்கள் முன்கூட்டியே ஊகித்துவிடுவீர்கள். மாணவர் ஒழுக்கம், நல்ல கையெழுத்தின் இன்றியமையாமை, பெற்றோர் கடமை ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணி, சிலர் இந்நேரம் ஒலியைக் குறைத்திருக்கவும் கூடும். அவர்களை நான் குறை கூற மாட்டேன். நானே அவ்வாறு செய்தவன்தான். ஆனால் இன்று பேச வந்த பொருள் வேறு. 64-ஆம் வயதில், துப்பாக்கி ஏந்திப் போர் புரியும் வீடியோ விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு, வாரந்தோறும் முன்பின் அறியாதவர்களோடு ஆடிப் பெரும்பாலும் தோற்று வருகிறேன். அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

இதை வெளியே சொல்லச் சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது. பணியில் இருந்த 33 ஆண்டுகளில் இத்தகைய ஆட்டங்களுக்காக எத்தனை மாணவர்களைக் கண்டித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களில் யாரேனும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால் வாய்விட்டுச் சிரிக்கட்டும். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து என் மகளும் மருமகனும் பேரனும் வந்திருந்தார்கள். பேரன் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் விளையாட்டுப் பெட்டியைத் தன்னுடன் கொண்டுவந்திருந்தான். அங்கே புதியது ஒன்று வாங்கியாகிவிட்டது என்று, திரும்பும்போது பழையதை எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றான். "தாத்தா, ஞாயிற்றுக்கிழமை 7 மணிக்கு நீங்கள் வாருங்கள், நானும் வருகிறேன்" என்றான். எங்கே வருவது என்று கேட்டேன். "ஹேலோவுக்குள்" என்றான். தொலைபேசியில், "சாப்பிட்டாயா, படித்தாயா" என்ற இரண்டு வினாக்களுக்குமேல் எங்கள் பேச்சு ஓடியதே இல்லை. ஆகவே இசைந்தேன். நமக்கு மாலை 7 மணி என்றால் அவனுக்கு இரவு 9.30. அதற்குமேல் விழித்திருக்க அவன் தாய் விடுவதில்லை; ஒரு மணி நேரந்தான் எங்கள் ஆட்டம்.

ஹேலோ என்பது ஒரு விளையாட்டின் பெயர். அதன் முதல் பகுதி 2001 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. நான் ஆடுவது 2021-ல் வந்த ஹேலோ இன்ஃபினிட். இவ்வகை ஆட்டத்தில் நம் உருவம் திரையில் தோன்றாது. நம் கண் எதைக் காணுமோ அதுவே திரை. கீழ்ப்பகுதியில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். கண்ட்ரோலர் என்னும் கைக்கருவியில் இரண்டு சிறு குமிழ்கள் உண்டு. இடக் கட்டைவிரலால் ஒன்றைத் தள்ளினால் நடக்கலாம். வலக் கட்டைவிரலால் மற்றதைத் திருப்பினால் பார்க்கலாம். நடப்பதும் பார்ப்பதும் இரண்டு தனித்தனித் தொழில்கள் என்பதைப் பிறந்து 64 ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். முதல் இரண்டு வாரங்கள் வானத்தைப் பார்த்தபடி சுவரில் மோதிக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தச் சுவர் உங்களை என்ன செய்தது?" என்று கேட்டாள்.

புதியவர்களுக்கென்று அதற்குள்ளேயே ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. அங்கே எதிராளிகள் மனிதர் அல்லர். இயந்திரமே ஆட்டுவிக்கும் பொம்மைகள். அவற்றின் திறமையையும் நாமே கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம். நான் மிக எளியவற்றை வைத்து ஒரு மாதம் பயின்றேன். பிறகே மனிதர்களோடு ஆடச் சென்றேன்.

அணிக்கு நால்வர், இரண்டு அணிகள். பல வகை ஆட்டங்கள் உண்டு. கொடியைக் கவர்ந்து வரும் ஆட்டத்தில், கொடியைச் சுமப்பவன் அதைக் கீழே போட்டாலொழியச் சுட இயலாது. அவனைத் தோழர்கள் காத்து வர வேண்டும். மற்றொரு வகையில், முதலில் 50 முறை எதிரிகளை வீழ்த்தும் அணி வெல்லும். ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத கவசம் ஒன்று உண்டு. முதலில் அது உடைய வேண்டும். அதன் பின்னரே ஆள் வீழ்வான். அடிபட்டவன் ஒதுங்கி மறைந்து சில வினாடிகள் பொறுத்திருந்தால் கவசம் மீண்டும் நிறையும். ஆகவே இங்கே வீரத்தைவிட, எப்பொழுது பின்வாங்குவது என்னும் அறிவே பெரிது. என் முதல் ஆட்டத்தில் நான் 17 முறை வீழ்ந்தேன். ஒரே ஒருவரை வீழ்த்தினேன். அவரும் வேறொருவரோடு போரிட்டுக் கவசம் இழந்து நின்றவர்.

ஓர் ஒளியைக் கண்டு விரலை அசைக்க இளைஞருக்கு ஏறக்குறையக் கால் வினாடி போதும். முதியோருக்கு அதைவிடக் கூடுதலாகும். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் எனக்கென்று ஒரு தொண்டு கிடைத்தது. ஆட்டக்களத்தில் வலிமை மிக்க சில ஆயுதங்கள் உண்டு. ஒருவர் எடுத்துச் சென்றபின், குறித்த இடைவெளி கழித்து அவை மீண்டும் அதே இடத்தில் தோன்றும். அந்த நேரத்தில் யார் அங்கே நிற்கிறார்களோ அவர்களுக்கே ஆட்டத்தில் மேற்கை. 33 ஆண்டுகள் பாடவேளை மணியின்மேல் கண்ணாக இருந்தவனுக்கு இது கைவந்த கலை. "இன்னும் 20 வினாடி, மாடிக்குப் போ" என்று நான் சொல்வேன், பேரன் போவான். "தாத்தா, நீங்கள் சுடவே வேண்டாம், மணி மட்டும் பாருங்கள்" என்று ஒருநாள் சொன்னான். அவன் என்னைப் புகழ்ந்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இவ்விளையாட்டு எவ்வாறு ஊர்கடந்து ஆடப்படலாயிற்று என்பது சுவையான வரலாறு. 1997-ல் நிண்டெண்டோ 64 பெட்டிக்கு வந்த கோல்டன்ஐ என்னும் ஆட்டத்தில் ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஆடினர். பக்கத்து ஆளின் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்து அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அறிந்துவிடலாம். தேர்வுக்கூட மேற்பார்வையாளனாக நெடுநாள் நடந்தவனுக்கு அந்தக் காட்சி நன்றாகவே கண்முன் எழுகிறது! ஹேலோவின் முதல் பகுதியில், பெட்டிகளைக் கம்பியால் இணைத்து 16 பேர்வரை ஆடலாம். ஆனால் எல்லோரும் ஒரே வீட்டிலோ விடுதியிலோ கூட வேண்டும். 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் இணைய ஏற்பாடு தொடங்கியது. 2004 நவம்பர் 9-ஆம் நாள் ஹேலோவின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. அதுவரை இணையத்தில் ஆட விரும்பியவர், நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்து எதில் சேர்வது என்று தாமே தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். ஹேலோவின் இரண்டாம் பகுதியோ, "நீ ஆட வந்தேன் என்று சொன்னால் போதும், உனக்கு ஏற்ற எதிராளியை நான் தேடித் தருகிறேன்" என்றது. இன்று பல விளையாட்டுகளில் காணும் முறை இதுதான்.

அந்த நாளில் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு, ஆடுபவர்களில் ஒருவருடைய பெட்டிக்கே அளிக்கப்பட்டது. நடுவரும் ஆட்டக்காரரும் ஒருவரே என்றால் என்ன நிகழும் என்று உங்களுக்குத் தெரியும். தம் பெட்டியே நடத்துவதால் அவருக்குத் தாமதம் என்பதே இல்லை. சிலர் அதோடும் நிற்கவில்லை. மோடம் என்னும் இணைப்புக் கருவியில் உள்ள ஒரு பொத்தானை நொடிப்பொழுது அழுத்தினால், மற்றவர்களெல்லாம் சிலைபோல் நின்றுவிடுவார்கள். அவர் ஒருவர் மட்டும் உலவிச் சுட்டுவிட்டு வருவார். மாணவர் விடைத்தாளில் பார்த்தெழுதும் வகைகளைப் பற்றி நான் ஒரு நூலே எழுதலாம். ஆயினும் இவ்வளவு நுட்பமான ஒன்றைக் கண்டதில்லை.

அந்த இரண்டாம் பகுதிக்கான இணையச் சேவை 2010 ஏப்ரல் 15-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. ஆனால் ஆட்டம் ஆடுபவர்களுடைய பெட்டிகளுக்கிடையேதான் நடந்தது அல்லவா? முன்பே இணைந்திருந்தவர்கள் தங்கள் பெட்டியை அணைக்காத வரையில் தொடர்ந்து ஆட முடிந்தது. பத்துப் பதினைந்து பேர் அவ்வாறே அணைக்காமல் இருந்தனர். ஒருவர் பெட்டி சூடேறி நின்றது. வேறொருவர் இணைப்பு அறுந்தது. இப்படி ஒவ்வொருவராகக் குறைந்து, மே மாதத்தில்தான் கடைசி ஆள் வெளியேறினார். பள்ளி இறுதி நாளில் மணி அடித்த பிறகும் வகுப்பைவிட்டுப் போக மனமின்றி நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இதைப் படித்தபோது அவர்கள் நினைவுதான் வந்தது.

தாமதம் என்று சொன்னேனே, அதைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். தொடக்கத்தில் எனக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நான் சுவருக்குப் பின்னே சென்று மறைந்துவிட்டேன் என்று எண்ணியிருப்பேன்; அதற்குப் பிறகும் குண்டு பட்டு வீழ்வேன். இது என்ன நியாயம் என்று வெகுண்டேன். வீட்டுக்குப் புதிய இணைய இணைப்புத் தர வந்த கேபிள்காரர்தான் இதை எனக்கு விளக்கியவர். கண்ணாடி இழை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் குறுக்களவு 125 மைக்ரான். ஏறக்குறையத் தலைமயிர்த் தடிப்பு. அதன் நடுவே 9 மைக்ரான் அளவே உள்ள பகுதியில்தான் ஒளி ஓடுகிறதாம். இரண்டு இழை முனைகளை ஸ்பிளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டினார். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஐயா, கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போட்டிருக்கும் கேபிள் 3,200 கிலோமீட்டர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

போட்டேன். போக 16 மில்லி வினாடி, வர 16 மில்லி வினாடி. எவ்வளவு பணம் செலவழித்தாலும் இந்த 32-ஐக் குறைக்க ஒருவராலும் இயலாது. இது இயற்கை வகுத்த எல்லை. வழியில் உள்ள கருவிகளால் இது கூடத்தான் செய்யும். ஆகவே என் திரையில் நான் காணும் உலகமும் எதிராளி தம் திரையில் காணும் உலகமும் ஒரே நொடியைச் சேர்ந்தவை அல்ல. இருவருக்கும் நடுவே இருக்கும் சர்வர் என்னும் கணினி, இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில், சிறிது பின்னோக்கிச் சென்று, "சுட்டவர் சுட்ட நொடியில் அவர் கண்ணுக்கு எதிராளி எங்கே தெரிந்தார்?" என்று பார்த்துத் தீர்ப்புக் கூறுகிறது. அவர் திரையில் நான் இன்னும் சுவருக்கு வெளியேதான் இருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை; நானும் பொய் சொல்லவில்லை. இதை அறிந்தபின் என் கோபம் அடங்கிற்று.

அந்தக் கேபிள்காரரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இங்கே உங்களில் சிலர், "அதெல்லாம் இருக்கட்டும், சுடுவதையும் கொல்வதையும் ஒரு பெரியவர் இப்படிப் பேரனோடு சேர்ந்து ஆடலாமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் மனமும் முதலில் ஒப்பவில்லை. நாம் சிறு வயதில் ஆடிய சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். "அவன் செத்தான், இவன் பிழைத்தான்" என்றுதானே கத்தினோம்? இங்கும் வீழ்ந்தவர் சில வினாடிகளில் எழுந்து வருகிறார். ஆனால் இந்த ஒப்புமை முழுவதும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சடுகுடுவில் எதிரியின் முகத்தைப் பார்த்தோம். அவன் மூச்சுக்காற்று நம்மேல் பட்டது. இங்கே காதில் மாட்டிய கருவியின் வழியே, யாரென்று தெரியாதவர் குரல் மட்டும் கேட்கிறது. முகம் தெரியாத இடத்தில் நா கூசுவதில்லை. நான் கேட்ட வசைமொழிகளைத் தலைமையாசிரியர் அறையில் யாரும் உச்சரித்திருந்தால் அன்றே மாற்றுச் சான்றிதழ் எழுதியிருப்பேன். அத்தகைய குரல்களை அடைத்துவிடும் வழியைப் பேரன் எனக்குக் காட்டினான். இப்போது எங்கள் இருவர் குரல் மட்டுமே கேட்கும். 9 மணிக்குத் தூங்க வேண்டிய பிள்ளையை நள்ளிரவுவரை இதில் ஆழ விடும் பெற்றோருக்கு நான் துணை நிற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனமே கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை 2019-ல் நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு மணி நேரத்தோடு எங்கள் பெட்டி அணைந்துவிடும்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

ஏற்ற எதிராளியைத் தேடித் தரவேண்டும் என்றால், ஒவ்வொருவரும் எவ்வளவு திறமை உடையவர் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதாவது மதிப்பெண் போட வேண்டும். இந்த இடம் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதிப்பெண் போடுவது என் தொழில் அல்லவா? இவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க ஆவல் கொண்டேன்.

இதற்கு மூலம் சதுரங்கத்தில் இருக்கிறது. அர்பாட் ஈலோ என்பவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக விளங்கியவர். தாமும் நல்ல சதுரங்க வீரர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும் உலகக் கூட்டமைப்பு 1970-லும் ஏற்றன. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எண். வலியவரை வென்றால் அந்த எண் மிகுதியாக ஏறும். எளியவரிடம் தோற்றால் மிகுதியாக இறங்கும். எதிர்பார்த்தபடி நடந்தால் சிறிதே அசையும். இது அழகான முறை. ஆனால் சதுரங்கம் இருவர் ஆடுவது. நால்வர் கூடி ஆடும் ஆட்டத்தில் வெற்றி யாருடையது?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஹெர்பிரிக், டாம் மிங்கா, தோரே கிரேப்பல் என்னும் அறிஞர்கள் இதற்காக ட்ரூஸ்கில் என்னும் முறையை ஆக்கினார்கள். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்த காலத்தில் அது வழக்கத்திற்கு வந்தது. 2007-ல் வெளிவந்த ஹேலோவின் மூன்றாம் பகுதியில் 1 முதல் 50 வரை படிகள் வைத்து ஆட்டக்காரர்களை நிறுத்தியதும் அதைக் கொண்டே. அதன் இரண்டாம் வடிவத்தை 2018-ல் வெளியிட்டார்கள்.

இம்முறையில் ஒருவருக்கு ஓர் எண் அல்ல; இரண்டு எண்கள். முதலாவது, அவர் திறமை இவ்வளவு இருக்கலாம் என்னும் மதிப்பு. இரண்டாவது, அந்த மதிப்பைப் பற்றி மதிப்பிடுபவருக்கு உள்ள ஐயம். புதிதாக வருபவருக்கு மதிப்பு 25. ஐயம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.33. வெளியே காட்டும்போது, ஐயத்தின் மும்மடங்கை மதிப்பிலிருந்து கழித்துவிட்டுக் காட்டுவார்கள். 25-இல் 25 போனால் சுழி. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுழி, "இவன் ஒன்றும் அறியாதவன்" என்று சொல்லவில்லை. "இவனைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது" என்று சொல்கிறது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரண்டு எண்களையும் திருத்துகிறார்கள். ஐயம் மிகுதியாக இருக்கும்போது மதிப்பு வேகமாக ஏறி இறங்கும். ஆட ஆட ஐயம் சுருங்கும், மதிப்பு நிலைகொள்ளும்.

அவ்வளவோடு நின்றிருந்தால் நான் வியந்து பாராட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். ஆனால் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐயம் அடியோடு மறைந்துபோக அவர்கள் விடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் முன்னால், சிறிதளவு ஐயத்தை வேண்டுமென்றே மீண்டும் கூட்டிக்கொள்கிறார்கள். ஏன்? ஆடுபவன் மாறக்கூடியவன், நேற்று இருந்தவன் இன்று அப்படியே இருப்பான் என்று கொள்ள முடியாது என்பதுதான் காரணம்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இதே செய்தியை எனக்குக் கற்பித்தார்கள். தேர்வின் நம்பகத்தன்மை, ஏற்புடைமை, அளவீட்டின் திட்டப் பிழை என்றெல்லாம் படித்தேன். ஒரு மாணவன் பெற்ற மதிப்பெண் ஒரு புள்ளி அன்று. முன்னும் பின்னும் விரியும் ஓர் எல்லை என்று பத்து மதிப்பெண் வினாவுக்கு நான்கு பக்கம் விடை எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். பின்னர் 1984-ல் பள்ளிக்குள் நுழைந்து கையில் பதிவேட்டை வாங்கிய நாள் முதல், அந்த விடையை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

1991-ல் நான் பணியாற்றிய பள்ளியில், ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பிரிவு பிரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரே நாளில், ஒரே தேர்வு; முற்பகலில் தமிழும் கணக்கும். மதிப்பெண் வரிசைப்படி முதல் நாற்பது பேர் அ பிரிவு, அடுத்தவர் ஆ பிரிவு, இவ்வாறு சென்று, எஞ்சியவர் எல்லோரும் ஈ பிரிவு. அ பிரிவுக்கு அனுபவம் மிக்க ஆசிரியர்கள். ஈ பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள், அல்லது யாரும் இல்லை. ஒருமுறை ஈ பிரிவில் விழுந்தவன் ஒன்பதாம் வகுப்புவரை ஈ பிரிவிலேயே ஏறி வந்தான். மாற்றக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. மாற்றலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை; எனக்கும் தோன்றவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே சிலரை நிறுத்திவைப்பதும் அக்காலத்தில் நடந்தது. 1995-ல் அந்தப் பட்டியலை எழுதியவன் நான்.

இப்போது கேபிள்காரருக்கு வருகிறேன். இழையை ஒட்டி முடித்து, என் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, "ஐயா, என்னைத் தெரியவில்லையா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பெயரைச் சொன்னார். அப்போதும் நினைவு வரவில்லை. "ஆறாம் வகுப்பு, ஈ பிரிவு" என்றார்.

அவர் சென்ற பின்னர், பரணில் இருந்த என் பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். பிரிவுப் பட்டியல்களை நான் என் கைப்பட எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். 1991-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் அவர் பெயர் இருந்தது. நூற்றுக்கு 19. எதிரே என் அழகிய கையெழுத்தில் 'மந்தம்' என்னும் ஒரு சொல். 1995-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில், நிறுத்தப்பட்டோர் வரிசையில் ஏழாவதாகவும் அதே பெயர் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வாடகை வாங்க வந்தபோது, அந்தத் தேர்வு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "நன்றாக நினைவிருக்கிறது, ஐயா. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாள். கண் எரிச்சலில் கேள்வித்தாள் சரியாகத் தெரியவில்லை" என்றார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரிடம் சொல்வது? அது பிரிவு பிரிக்கும் தேர்வு என்றே எங்களுக்குத் தெரியாதே!" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்களைக் குறை சொல்லவில்லை, ஐயா. ஈ பிரிவில் மின்விசிறி இல்லை, அது ஒன்றுதான் கஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று நான்கு பேரை வேலைக்கு வைத்து எங்கள் வட்டாரத்துக்கே இணைப்புத் தருகிறார். கண்ணாடிக்குள் ஒளியின் வேகத்தை எனக்குக் கற்பித்தவரும் அவரே. அவர் முன்னுக்கு வந்துவிட்டார் ஆகையால் என் கணக்கு நேராகிவிட்டது என்று நான் ஆறுதல் கொள்ள முடியாது. அந்தப் பட்டியலில் வேறு பெயர்களும் உண்டு. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

விளையாட்டின் மதிப்பீட்டு முறை குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. வல்லவர் சிலர் புதுப் பெயரில் நுழைந்து எளியவர்களை வேட்டையாடுவதும் உண்டு. உயர்ந்த படியை எட்டிய கணக்கை விலைக்கு விற்றவர்களும் உண்டு. ஆனாலும் அந்த முறை எதை நாடுகிறது என்று பாருங்கள். எந்த இரு தரப்பினர் மோதினால் ஆட்டம் சமமாக முடியும் வாய்ப்பு மிகுதியோ, அந்த இருவரைத் தேடிச் சேர்க்கிறது. திறமை குறைந்தவனும் ஏறக்குறைய இரண்டு ஆட்டத்தில் ஒன்று வெல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். எங்கள் ஈ பிரிவில் இருந்த பிள்ளைகள் நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை வென்றிருப்பார்கள்?

சென்ற மாதம் அணில் கடித்து எங்கள் கம்பி அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை, 7 மணிக்கு ஆட்டம். தொலைபேசியில் சொன்னதும் அவரே ஏணியோடு வந்தார். கம்பியை ஒட்டிவிட்டு, இணைப்பு வந்ததா என்று பார்க்க உள்ளே வந்தார். திரையில் என் பெயரும், அதன் பக்கத்தில் என் படியைக் குறிக்கும் பதக்கமும் தெரிந்தன. இவ்விளையாட்டில் ஆறு படிகள்: வெண்கலம், வெள்ளி, பொன், பிளாட்டினம், வைரம், ஆனிக்ஸ். என்னுடையது வெண்கலம்.

"இது என்ன, ஐயா?" என்று கேட்டார்.

"இங்கே நான் ஈ பிரிவு" என்றேன்.

அவர் சிறிது நேரம் அந்தப் பதக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாற்றுவார்களா?" என்று கேட்டார்.

"ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு மாற்றுவார்கள்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சிய கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, "பேரன் காத்திருப்பான், ஐயா, ஆடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் தோற்றோம், ஒன்றில் 50-க்கு 48 என்று வென்றோம்.